பைன் பலகைக்கு வெள்ளை

பெயின்ற் அடிக்கும் அருட்செல்வன் பைன் பலகையில் மூன்று இடத்தில் பூசிக் காட்டினான். ஒன்று வெறும் வார்னிஷ். மற்றது தேக்கு நிறம். கடைசி, வெள்ளை எனாமல்.

வீட்டுக்காரர் பஞ்சலிங்கம் யோசிக்கவே இல்லை.

"வார்னிஷ்தான். அந்த ரேகையளைப் பாரும், தேன் ஓடின மாதிரி. உதை மூடுறது பாவம்."

"வெள்ளை" என்றாள் அவர் மனைவி உதயகலா.

அறையின் நாலு சுவரிலும் நெஞ்சளவு உயரத்துக்கு அந்தப் பலகை ஓடியது. இவர்கள் அடித்தது அல்ல. வலிகாமம் வடக்கில் இராணுவ முகாமுக்குள் போன வீடு இது. இருபத்தேழு வருடம் கழித்துக் காணியை விட்டபோது, ஒழுங்கையில் மற்ற வீடுகளின் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. இது கூரையோடு நின்றது. உள்ளே இருந்தவர்கள் இந்த அறைக்குப் பலகையும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கழற்றி எரிக்கச் சொன்னார்கள் உறவினர்கள். பஞ்சலிங்கம் கேட்கவில்லை. இவ்வளவு காலம் இருந்ததற்கு வாடகை என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காலம் முழுவதும் அவர்கள் இருந்தது புத்தூரில், பஞ்சலிங்கத்தின் அக்கா கமலாவதியின் வீட்டில். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் உதயகலா மச்சாளைக் கேட்டுத்தான் அடித்தாள். கமலாவதி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் உதயகலாவுக்கு இன்னும் கனத்தது.

இனி எல்லோரும் இங்கேதான். இந்த அறை அக்காவுக்கு என்று பஞ்சலிங்கம் சொல்லியிருந்தார். நிறம் பார்க்க அக்காவும் பஸ்ஸில் வந்திருந்தார்.

கமலாவதி பலகையை உள்ளங்கையால் தடவினார்.

"வார்னிஷே அடியுங்கோ தம்பி. என்ரை பிள்ளை வந்தாலும் இந்த அறையிலைதானே படுப்பான். சின்னனிலை பள்ளிக்கூட லீவு விட்டா இந்த வீடுதான் அவனுக்கு."

வேலைக்குப் போன மகன் பிரணவன் வழியில் இராணுவத்திடம் பிடிபட்டு, திரும்பாமல் போய்ப் பல வருடம். அவன் படத்தைப் பிடித்தபடி கமலாவதி இன்றும், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருக்கும் தெருவோரப் பந்தலில் போய் இருக்கிறவர். அவர் ஒன்றைக் கேட்டால் அந்தக் குடும்பத்தில் யாரும் மறுப்பதில்லை.

அருட்செல்வன் வார்னிஷ் டப்பாவை எடுத்தான்.

உதயகலா அவன் கையிலிருந்த தூரிகையைப் பறித்தாள். எனாமலில் தோய்த்தாள். யன்னலுக்குக் கீழே, மூலையில், நிலத்தில் குந்தி இருந்து தானே அடிக்கத் தொடங்கினாள்.

"உமக்கென்ன விசரா?" பஞ்சலிங்கம் கத்தினார். "அவ கேட்டது ஒரு நிறம்!"

அவள் திரும்பவில்லை. அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தாள். காயாத பூச்சின்மேல் இன்னொரு பூச்சு. வெள்ளை வழிந்து நிலத்தில் சொட்டியது.

கமலாவதி கைப்பையை எடுத்தார்.

"விடு தம்பி. அவளின்ரை வீடு. அவள் விரும்பினதை அடிக்கட்டும். எனக்குப் புத்தூரே போதும்."

படலை சாத்தும் சத்தம் கேட்டது. பஞ்சலிங்கம் அக்காவின் பின்னால் ஓடினார். அருட்செல்வன் எதையோ மறந்தவன்போல முற்றத்துக்குப் போனான்.

உதயகலா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சரிந்து பார்த்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது இன்னும் தெரிந்தது.

முந்தின நாள் தூசி துடைக்கக் குந்தியபோது கண்டது. நிலத்தில் இருப்பவனின் கைக்கு எட்டும் உயரம். ஆணியாலோ கம்பியாலோ கீறிய எழுத்து. மத்தியானம் முழுக்க அரத்தாளால் தேய்த்தாள். விரல் தோல் உரிந்தது, எழுத்துப் போகவில்லை.

இதை அறிந்தால் பஞ்சலிங்கம் இந்த வீட்டில் ஓர் இரவும் தங்கமாட்டார். மச்சாள் அறிந்தால் இந்த அறையை விட்டு எழும்பவே மாட்டார். அவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

மூன்றாவது பூச்சுக்குத் தூரிகையைத் தோய்த்தாள். அதற்கு முன், ஒரு தரம் வாசித்தாள்.

'அம்மா, பயப்பிடாதேங்கோ. நான் மாமா வீட்டிலைதான் இருக்கிறன். பிரணவன்.'