கண்ணால் ஒரு ஆமா

"ஏன்டி யசோதினி, உன் நர்ஸம்மாவுக்குக் கழுத்துல சுளுக்கா?"

பெரியாயி கேட்டதும், தேயிலைக் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொல்லித் திரையில் வரும் அந்தக் கம்ப்யூட்டர் நர்ஸின் முகத்தை அசைத்துப் பேச வைத்தவள் அவள்தான். ஸ்கூலை விட்டுப் பதுளை டவுனில் இந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம்.

"ஆமான்னு சொல்றதுக்குத் தலையாட்டுது. இதுல என்ன சிரிப்பு?"

"கூடைக் கயிறு தலையில கெடக்கையில எவடி தலையாட்டுவா? கூடை சரிஞ்சிடாது? நாங்க கண்ணைத்தான் மூடித் தெறப்போம். லயத்துல பொறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

யசோதினியின் முதலாளி ரஜீவ் கேட்டுக்கொண்டே நின்றார்.

"வெள்ளிக்கிழமை திரும்பக் காட்டுவோம். அப்பவும் சிரிச்சாங்கன்னா நீ வேலைக்கு வர வேண்டாம் தங்கச்சி."

மூன்று நாள் அந்தக் கண்ணிமையோடு மல்லுக்கட்டினாள். மெதுவாக மூடினால் நர்ஸ் தூங்கி வழிந்தாள். வேகமாக மூடினால் கண்ணில் தூசி விழுந்தவள் மாதிரி இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் லய வீட்டு வரிசையில், தன் பக்கத்து அறையான பெரியாயியின் காம்பிராக் கதவைத் தட்டினாள்.

"அத்தை, சரியா வரல. பழசைத்தான் கொண்டு வரப்போறேன். நாளைக்கும் சிரிச்சீங்கன்னா என் வேலை போயிரும்."

"அதுக்கு? பொம்மை நல்லாருந்தா கேப்போம். இல்லாட்டி சிரிப்போம்."

பெரியாயி கதவைச் சாத்திவிட்டாள். இதெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள் யசோதினி.

வெள்ளிக்கிழமை. கொழுந்து நிறுக்கும் இடத்தில், பெண்களை வீடியோ பிடிக்கும் கேமராவுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"மாத்திரையை நிப்பாட்டக் கூடாதும்மா, சரியா?" என்றாள் நர்ஸ், தலையை ஆட்டி ஆட்டி.

"சரிங்க மிஸ்ஸி!"

முதல் குரல் பெரியாயியுடையது. பின்னாலேயே பதின்மூன்று குரல்கள். ஒரு சிரிப்பு இல்லை.

ரஜீவ் அசந்துபோனார். "வேலை உனக்குத்தான் தங்கச்சி!"

அப்படி என்னதான் பிடித்துப்போனது இவர்களுக்கு? அலுவலகத்துக்கு வந்ததும் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள்.

பதினான்கு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் கயிறு. சரிகிற கூடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அச்சு அசல் அவளுடைய பொம்மை மாதிரியே.

வீடியோவை நிறுத்தாமலே ரஜீவைக் கூப்பிட்டாள்.

"சேர், பொம்மை நல்லால்ல. நடிச்சது அவங்க. நான் திருத்தணும்."

"எதைப் பாத்துத் திருத்துவே?"

வீடியோ முடியப்போகும் நேரம். எல்லாரும் நர்ஸைப் பார்த்திருக்க, பெரியாயி மட்டும் யசோதினி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, தலை அசையாமல், கண்ணை ஒரேயொரு தடவை மூடித் திறந்தாள்.