‘வேண்டாம்’ திங்கட்கிழமைப் பாடம்

வான்மதியின் கழுத்தில் பல்கலைக்கழகம் மாட்டச் சொன்ன மின்னணுப் பட்டி பச்சையாக மின்னியது. ஆன்லைனில் தாய்லாந்து மொழியும் பண்பாடும் படிக்கும் அவள், இதுவரை பாடத்தில் வந்த வாக்கியங்களை மட்டுமே, அதுவும் அந்த மொழியில்தான் பேசலாம். பட்டியே அவற்றைத் தமிழிலும் சொல்லிவிடும். கழற்றினாலோ, எழுதிக் காட்டினாலோ, தலையை ஆட்டினாலோ செமஸ்டர் போச்சு.

அவள் மூன்று பாடம் முடித்திருந்தாள்: வணக்கம், எண்கள், ஹோட்டல். ‘வேண்டாம்’ நான்காம் பாடம். அது திங்கட்கிழமைதான் திறக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள்.

“பொண்ணுக்குச் சம்மதந்தானே?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வான்மதி அவசரமாக வாயைத் திறந்தாள். தாய்லாந்து மொழியில் எதையோ சொன்னாள். பட்டி மொழிபெயர்த்தது: “எனக்குக் காரம் கம்மியா.”

“எங்க வீட்லயும் காரம் கம்மிதாம்மா!” என்று அந்த அம்மா பூரித்துப்போனார். “தட்டு மாத்திடலாமா?”

“புடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லும்மா, இப்பவே நிறுத்திடறேன்” என்றார் அப்பா, பெருந்தன்மையாக.

வான்மதி ஹோட்டல் பாடத்தை மனதுக்குள் கடைசி வரி வரை ஓட்டினாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்துக் கைகூப்பினாள்.

“சாப்பிட்டாச்சு. பில் கொண்டு வாங்க.”

மாப்பிள்ளை கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

“சரியான இடத்தில் சொன்னீர்கள்,” என்றது பட்டி. “பத்துக்குப் பத்து.”