ஓசிக் கரண்ட்

இலவசக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் செங்கோடன் சுவிட்சை அணைப்பதே இல்லை. கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் தானாக ஓடும்.

அன்று வாழைத்தோட்டம் நிரம்பி, தண்ணீர் ரோட்டில் ஓடியது.

“நிறுத்துடா! அடியில சேறுதான் இருக்கு!” கிணறு அலறியது.

“கரண்ட் இருக்கிறப்பவே இறைச்சுக்கணும். போனா எப்ப வருமோ?” என்றது மோட்டார்.

மானியத்தில் வந்த சொட்டுநீர்க் குழாய், ஆபீசர் போட்டோ எடுத்துப் போனதிலிருந்து ஆணியில் சுருண்டு தொங்கியது. “அண்ணே, என்னை விரிச்சிருந்தா இதுல பாதி போதுமே!” என்று பதறியது.

“ஓசியில வர்றதை எவன்டா அளப்பான்?” மோட்டார் சிரித்தது. சிரிப்பு இருமலானது. தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சியது. புகை கிளம்பியது.

மறுநாள் செங்கோடன் குழாயை இறக்கி விரித்தார். கருகிய மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுபோக, அந்தக் குழாயாலேயே மொபெட்டில் இறுக்கிக் கட்டினார்.