முதல் இலை

நார்வேயிலிருந்து காஞ்சிபுரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த நர்ஸ் இங்கிரிட், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுகிர்தம் வீட்டில்தான் சாப்பிடுவாள். "வாங்க சிஸ்டர்" என்று தறியோரம் கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, முதல் இலையை அவளுக்குத்தான் போடுவாள் சுகிர்தம்.

அன்று நாற்காலியில் யாரோ ஒரு வெளியூர்ப் போதகர் இருந்தார். முதல் இலையும் அவருக்கே விழுந்தது. இங்கிரிட்டை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இத்தனை நாளும் பாரமாக இருந்துவிட்டோமோ என்று நினைத்து, வாசல் பக்கம் திரும்பினாள்.

"நான் கிளம்பறேன், அக்கா."

சுகிர்தம் குழம்புப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"எங்க கிளம்பறே? போய் அவருக்கு ஊத்தும்மா. விருந்தாளி மொதல்ல சாப்பிடட்டும். வூட்டு ஆளுங்க நாம அப்புறமா அடுப்பாண்ட உக்காந்து சாப்பிடலாம்."