பீலியில் ஐஸ்

கனடாவிலிருந்து அபிஷன் அழைத்தான். அவன் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த நேரம். வீட்டுக் கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் ஸ்நோ உறைந்து கல்லாகிவிட்டதாம். போன வருடம் அந்தக் கனத்தில்தான் பீலி கழன்று வாசலில் விழுந்தது.

“இந்தமுறை என்னால ஏறேலாது அம்மா. போனாப் போகட்டும்.”

“போகட்டும் எண்டு விடுறதோ? நான் இருக்கிறன்தானே,” என்றாள் சிவயோகம்.

மறுநாள் காலை கொழும்பு வெள்ளவத்தையில் நல்ல வெயில். காலி வீதியில் பஸ்கள் வழக்கம்போல ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. சிவயோகத்தின் வீட்டுப் பீலி நிறைய ஐஸ் இருந்தது. கனத்தில் பீலி நடுவில் தொய்ந்து, ஆணிகள் கழலத் தொடங்கியிருந்தன.

பக்கத்து வீட்டு நிருஷா வாயைப் பிளந்தாள்.

“அன்ரி, இது எப்பிடி?”

“எப்பிடியெண்டு பிறகு பாப்பம். ஏணியைப் பிடி.”

சிவயோகம் இரும்பு அலவாங்கோடு ஏறி, பீலியில் அடி படாமல் ஐஸை மட்டும் கொத்தினாள்.

“ஆற்ற வீட்டில வந்து குந்தியிருக்கிறாய்? இறங்கு!” என்று ஐஸை அதட்டினாள்.

கட்டி கட்டியாக விழுந்த ஐஸ் செம்பரத்தையடியில் உருகி ஓடியது.

பின்னேரம் அபிஷன் திரும்ப அழைத்தான்.

“அம்மா, இங்க பீலியில ஐஸே இல்லை. ஆரோ கொத்தி விழுத்தியிருக்கினம். கீழ ஸ்நோவுக்குள்ள ஏணி வைச்ச பள்ளம் ரெண்டு. பக்கத்தில கால் அடையாளம். வெறுங்கால்.”

சிவந்து விறைத்திருந்த பாதங்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டபடி சிவயோகம் சொன்னாள்:

“செருப்போட ஏணியில ஏறினா வழுக்குமடா.”