வளைவில் கத்தும் ஹோர்ன்

"ஒரு ஹோர்ன் வயரைச் சரிபண்ணத் தெரியாதவருக்கெல்லாம் என்னத்துக்கு ஒரு கராஜ்?"

தெரணியகலை கடைவீதியில், ஸஹாப்தீனின் தேநீர்க் கடையில் வைத்து முக்தார் இதைச் சொன்னான். மூலையில், வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கபூர் நானாவின் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னான்.

கபூர் நானா தன் பாட்டில், பால் கலக்காத பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தார்.

சங்கதி இதுதான். தோட்டத்துத் துரையின் பழைய காரில் ஹோர்ன் தானாகக் கத்துகிறது. யாரும் அழுத்த வேண்டியதில்லை. ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு ஏறும் அந்தப் பெரிய வளைவு வந்தால் போதும், பேய் பிடித்த மாதிரி 'பாம்' என்று ஊரைக் கூட்டும். கபூர் நானா இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"வயர் கிழடாப் போச்சு தொரை. ஒண்ணும் செய்ய ஏலாது."

ஊரில் இருந்த மற்ற கராஜ் முக்தாருடையது. கார் அவனிடம் வந்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஸ்டியரிங்குக்கு அடியில் போகும் வயர் ஓரிடத்தில் தோலுரிந்து, இடது பக்கம் முழுக்க ஒடிக்கும்போது இரும்பில் பட்டது. கறுப்பு டேப்பைச் சுற்றினான். பிறகு எப்படி ஒடித்துப் பார்த்தும் ஹோர்ன் மூச்சு விடவில்லை. "இவ்வளவுதான் வேலை!" என்று அனுப்பிவைத்தான்.

அந்த வாரமே தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மறுபடி கத்துகிறதாம். மறுபடி சுற்றினான். மறுபடியும் கத்தியது.

"என்ன முக்தார் பாஸ், ஹோர்ன் ஒங்கட பேரச் சொல்லித்தான் கத்துதாமே?" என்றான் ஸஹாப்தீன். கடையே சிரித்தது. முக்தாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

கடைசியில் துரையே கூப்பிட்டனுப்பினார்.

"ஏறி உக்காந்து பாரு," என்றார், தோட்டத்தில் பழகிய தமிழில். "நான் வேலை பாக்கப் போறது, இது மலையில எல்லாருக்கும் முன்னாடியே கத்திச் சொல்லுது. எனக்கு இந்த இருளப்பன் மேலேதான் சந்தேகம். இவன் வேலைன்னு தெரிஞ்சா, இன்னைக்கே சட்டிபானையோட தோட்டத்தை விட்டுப் போவான்."

டிரைவர் இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அட, இவன்தானா நம்முடைய பேரைக் கெடுத்தவன்! பின் ஸீட்டில் உட்கார்ந்த முக்தார் அவனுடைய கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த துரையும் எடுக்கவில்லை.

வளைவு வந்தது. இருளப்பனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

பாம்!

முக்தார் திடுக்கிட்டு வெளியே பார்த்தான். மேலே முள்முருங்கை மரத்தடியில் ஒரு பெண், பால் குடித்துக்கொண்டிருந்த பச்சைப் பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்து, மரத்துக்குப் பின்னால் தொங்கிய சேலைத் தொட்டிலில் போட்டாள். கூடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். கார் மேலே ஏறி நின்றபோது, விடியற்காலையிலிருந்து அங்கேயே நிற்பவள் போலக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

துரை இறங்கி மலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். முக்தார் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டான். அவன் சுற்றிய டேப்பைக் காணோம். யாரோ கத்தியால் பதமாக வழித்து எடுத்திருந்தார்கள்.

"டேய், இது ஒன்ட வேலைதானே?"

இருளப்பனுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"ஆமாங்க பாஸ். அது வெள்ளையம்மாங்க. புருசன் மலேரியாக் காய்ச்சல்ல போயிட்டாரு, பிள்ளையப் பாத்துக்க வீட்ல ஆளில்ல. மலைக்குக் கொண்டாந்து பால் குடுத்தா அரைப்பேருன்னுட்டாரு தொரை. ரெண்டு தடவ பாதிச் சம்பளந்தாங்க கெடச்சுச்சு. இன்னொரு தடவ புடிபட்டா வேலையே இல்லைங்க."

"ஒனக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. லயத்து வரிசையில எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவுல குடியிருக்குதுங்க."

முக்தாரின் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. மனைவி நூரியா பால் கொடுக்கிற நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால்கூட அவனுக்குப் பொறுக்காது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

துரை திரும்பி வந்தார். "என்ன? இவன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முக்தாரின் மானம் தப்பும், கடைவீதி வாயை மூடும். அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அவசரத்துக்கு வேறு பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"இவன்ல குத்தமில்ல தொரை. ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்திச்சு, நீங்களும் பார்த்தீங்களே. வயர் கிழடாப் போச்சு. ஒண்ணும் செய்ய ஏலாது."

"நீயும் உதவாத ஆள்! போ!" என்று துரை கத்தினார்.

துரை அந்தப் பக்கம் திரும்பியதும் இருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. முக்தாருக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது, ஸஹாப்தீனின் கடை வாசலை மிதிக்கும் வரைக்கும்.

"ஹோர்ன் சரியாயிட்டா பாஸ்?"

"இல்ல. வயர் கிழடாப் போச்சு."

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். ஸஹாப்தீனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

கபூர் நானா மட்டும் சிரிக்கவில்லை. வாங்கில் நகர்ந்து இடம் கொடுத்தார். தன்னுடைய கருப்பட்டித் துண்டில் பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை முக்தாரின் பக்கம் தள்ளினார். பிறகு காதோரம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தச் சேலைத் தொட்டில் புள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டா?"