பாட்டுப் பிரிவினை

"இது யாருக்கு?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு."

‘நீ’ என்று தட்டினான். கணினி அவன் பக்கம் இருந்ததால், பட்டியலில் ‘நான்’ என்றால் அவன், ‘நீ’ என்றால் அவள்.

அவள் கணினியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேசை ஓரத்தில், திரை தெரியும்படி ஒரு நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு பெட்டிகள் நின்றன.

கல்யாணமான புதிதில் அவன் கொண்டுவந்த சிடிக்களையும் அவள் கொண்டுவந்த சிடிக்களையும் ஒரு வாரம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். இருவரிடமும் இருந்த ஆல்பங்களில் ஒன்றை மட்டும் ஏற்றினார்கள். ஒரே வீட்டுக்குள் எதற்கு இரண்டு என்று சிரித்துக்கொண்டார்கள். பிறகு சிடிக்களை எடைக்குப் போட்டார்கள்.

இப்போது அந்த ஒற்றைகளுக்குத்தான் அதிகச் சண்டை.

"ஆளுக்கு ஒரு காப்பி போட்டுக்கலாமே" என்று காலையில் சொல்லிப் பார்த்தான்.

"என் பாட்டு உங்ககிட்ட இருக்கக் கூடாது. உங்க பாட்டு எனக்கு வேணாம். பட்டியல் போட்டுப் பிரிச்சு, மிச்சத்த அழிச்சுட்டுத்தான் நான் படியிறங்குவேன்."

வேறு ஊர் வேலைக்கு அவன் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அவளிடம் சொன்னதே மறுநாள்தான். "என் வேலை என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பதோடு அவள் பேச்சு நின்றது. பாட்டுகளுக்காகத்தான் மறுபடி வாயைத் திறந்தாள்.

கடைசி ஆல்பம். "யாருக்கு?"

"உங்களுக்கு."

முடிந்தது. இருவரும் திரையையே பார்த்தார்கள்.

அவள் கைப்பேசி அடித்தது. அண்ணன். "தெருமுனைல திரும்பிட்டேன். பெட்டியெல்லாம் ரெடியா? பாட்டப் பிரிச்சாச்சா, இல்ல அதுக்கும் வக்கீல் வைக்கணுமா?"

"முடிஞ்சுது, வாங்கண்ணா" என்றாள். குரல் சற்று உடைந்தது. அதை மறைக்க, "அகர வரிசைல போடுங்க. தேடி அழிக்க லேசா இருக்கும்" என்றாள்.

அவன் ஆல்பம் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழ் வரை தேர்ந்தெடுத்தான். வரிசைப்படுத்து என்று அழுத்தினான். நடுத்திரையில் ஒரு பெட்டி எழுந்து என்னவோ கேட்டது. படிக்காமலே வேண்டாம் என்று தட்டினான்.

"ஐயோ!"

அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பெயர்கள் எல்லாம் அகர வரிசைக்குப் போய்விட்டன. பக்கத்தில் இருந்த ‘நான்’களும் ‘நீ’க்களும் இருந்த இடத்திலேயே நின்றன. எது யாருக்கு என்று இனி யாருக்கும் தெரியாது.

"பக்கத்துல இருக்கறதையும் சேத்துக்கவான்னு அது கேட்டுச்சு. அதுக்குக்கூட கேக்கத் தெரியுது. உங்களுக்குத்தான்..."

முடிக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது.

"இரு, இரு. எனக்கு ஞாபகம் இருக்கு." விரல் திரையில் ஓடியது. "இது உன்னோடது. விடுதில பக்கத்து அறைக்காரி வாங்கிட்டுப் போய்த் திருப்பியே தரல, நீ சண்டை போட்டு வாங்கின. இது... இதுவும் உன்னோடது. கீறல் விழுந்துச்சுன்னு பல்பசை போட்டுத் தேய்ச்சியே. அப்பவும் மூணாவது பாட்டு நடுவுல தாவும். நீ பாடினாலும் அந்த இடத்துல தாவித்தான் பாடுவ."

அவள் குனிந்து அவன் விரல் நின்ற வரியைப் பார்த்தாள்.

"இது உன்னோடது. இது உங்க அப்பா வாங்கித் தந்தது, ரெண்டு நாள் யாரையும் தொட விடல."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதிப் பட்டியலில் விரல் நின்றது.

"என்னோடது எதெதுன்னுதான் சரியா தெரியல" என்றான்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றான் மெதுவாக. "வேலை விஷயத்த. கேட்டிருக்கணும்."

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

அவள் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினாள். அதை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து தொடாத கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கோப்பைச் சேமித்தாள். மூடினாள்.

அண்ணன் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "என்ன மாப்பிள்ளை, எந்தப் பெட்டிய எடுக்கட்டும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "பட்டியல் மொத்தமும் குழம்பிப் போச்சுண்ணா. ஒண்ணும் பண்ண முடியாது. முதல்லேர்ந்து ஒக்காந்து போடணும்."

"எப்ப முடியும்?"

"தெரியல. நான் கூப்பிடறேன்."

"அப்ப வண்டி?"

"நீங்க கிளம்புங்கண்ணா."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாப் பிரிச்சீங்க போங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு கணினிப் பயிற்சி மையத்தில். ஒவ்வொரு புது வகுப்பிலும் அவள் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்றுதான்: தப்பாகிவிட்டால் பதற வேண்டாம். மேலே வளைந்த அம்பு ஒன்று இருக்கும், அதை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

கோப்பைச் சேமித்து மூடாதவரை.